மலை மூழ்கப் பவளம் வளர்ந்தது
(அறிஞர் டார்வின் வாழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி)

சார்லஸ் டார்வின் என்றதும் நம்மில் பலர்க்கு நினைவில் எழுவது குரங்கிலிருந்து மனிதன் வந்த கதைதான். பட்டிமன்ற மேடையிலும் அவர் பெயர் அதற்காகவே அடிபடுகிறது. விலங்கியல் பயிலும் நானும் பரிணாமப் பாடத்தின் வாயிலாகவே அவரை அறிந்தேன். ஆனால் அவ்வறிஞர் உலகிற்கு அளித்த முதற் பெருங்கொள்கை குரங்கைப் பற்றியதன்று. மனிதனைப் பற்றியதும் அன்று. கடலின் நடுவே வளையம்போல் கிடக்கும் பவளத் தீவுகளைப் பற்றியது அது. அக்கொள்கை அவர் உள்ளத்தில் உருவானபோது அவருக்கு வயது இருபத்தாறு. அதை மெய்ப்பிக்கும் சான்று கிடைத்தபோது அவர் மறைந்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றைப் படிக்கப் படிக்க, ஓர் அறிவியலார் எப்படி எண்ண வேண்டும், எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதனையே இக்கட்டுரையில் என் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தில் சுரூஸ்பரி என்னும் ஊரில் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் டார்வின் பிறந்தார். தந்தை இராபர்ட் டார்வின் புகழ்பெற்ற மருத்துவர். எட்டு வயதிலேயே டார்வின் தாயை இழந்தார். மகனையும் மருத்துவராக்க விரும்பிய தந்தை அவரை 1825இல் எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அறுவைக் கூடத்தில் நோயாளியின் அலறலைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் டார்வின் வெளியேறினார். மருத்துவம் கைகூடாதெனக் கண்ட தந்தை, பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று 1828இல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கும் அவர் உள்ளம் வண்டு பிடிப்பதிலேயே தோய்ந்தது.

ஆனால் கேம்பிரிட்ஜில் நல்லாசிரியர் இருவர் அவருக்கு வாய்த்தனர். தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ ஒருவர். நிலவியல் பேராசிரியர் செட்ஜ்விக் மற்றவர். 1831ஆம் ஆண்டுக் கோடையில் செட்ஜ்விக் அவரை வேல்ஸ் மலைகளுக்கு அழைத்துச் சென்று பாறைகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஊர் திரும்பியபோது ஹென்ஸ்லோவின் கடிதம் காத்திருந்தது. தென் அமெரிக்கக் கரைகளை அளக்கப் புறப்படும் பீகிள் என்னும் கப்பலில் இயற்கை ஆராய்ச்சியாளராகச் செல்ல இடம் உண்டு என்று அதில் கண்டிருந்தது. தந்தை மறுத்தார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் இடையில் புகுந்து, தந்தையின் தடைகளுக்கு ஒவ்வொன்றாக விடை எழுதி அவர் மனத்தை மாற்றினார். அந்தத் தாய்மாமன் மட்டும் மருமகனுக்காகப் பரிந்து பேசியிராவிட்டால் இன்றைய உயிரியல் பாடநூல்கள் வேறு விதமாக இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

1831 டிசம்பர் 27ஆம் நாள் பிளிமத் துறைமுகத்திலிருந்து பீகிள் புறப்பட்டது. தலைவர் ஃபிட்ஸ்ராய்க்கு வயது இருபத்தாறு, டார்வினுக்கு இருபத்திரண்டு. இரண்டு ஆண்டுகளில் முடியும் என்று கருதிய பயணம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீண்டது. டார்வினுக்கோ கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. குமட்டலும் தலைச்சுற்றலும் கடைசி வரை அவரை விடவில்லை. அவருக்குத் துணையாக இருந்தது ஒரு நூல். சார்லஸ் லையல் எழுதிய நிலவியல் நூலின் முதற் பகுதியைக் கப்பல் தலைவரே அவருக்குப் பரிசாக அளித்திருந்தார். மலையும் பள்ளத்தாக்கும் ஒரே நாளில் தோன்றியவை அல்ல, இன்றும் நம் கண்முன் நடக்கும் சிறுசிறு மாற்றங்களே நெடுங்காலத்தில் அவற்றை ஆக்கின என்பது லையலின் கருத்து. அக்கருத்து டார்வினின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

கடலில் ஒரு புதிர்

டார்வின் கண்ட விடையை அறியுமுன் புதிர் என்ன என்பதை அறிய வேண்டும். நம் துறைக் காட்சியறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பவள மாதிரிகளை அனைவரும் பார்த்திருப்போம். வெண்மையான அந்தக் கல், பவள உயிரிகள் என்னும் சின்னஞ்சிறு விலங்குகள் கட்டிய வீடு. அவை கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தை எடுத்துத் தம்மைச் சுற்றிக் கூடு கட்டுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தலைமுறைகள் கட்டியது பாறையாகிறது. அவ்வுயிரியின் உடலுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருந்து, வெயிலின் உதவியால் உணவு ஆக்கி அதற்கு ஊட்டுகின்றன. ஆகவே திட்டுகளைக் கட்டும் பவளத்திற்கு வெதுவெதுப்பான நீரும் வெயிலும் வேண்டும். ஆழத்தில் அது வாழாது. டார்வின் காலத்தில் பாசியின் செய்தி தெரியாது. ஆனால் ஆழமற்ற நீரில்தான் அவ்வகைப் பவளம் வளரும் என்பது தெரிந்திருந்தது.

பவளத்திட்டுகள் மூவகைப்படும். கரையை ஒட்டியே வளர்வது கரையோரப் பவளத்திட்டு. நம் மண்டபம், இராமேசுவரம் கரைகளில் உள்ளவை இவ்வகையின. கரைக்கும் திட்டுக்கும் இடையே ஆழமான காயல் இருந்தால் அது தடுப்புப் பவளத்திட்டு. நடுவில் நிலமே இல்லாமல், காயலைச் சுற்றி வளையமாக மட்டும் கிடந்தால் அது வட்டப் பவளத்திட்டு. அதனையே அடோல் என்பர். இலட்சத்தீவுகளும் மாலத்தீவுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

புதிர் இதுதான். வட்டத்திட்டுகளின் வெளிப்புறத்தில் கடல் செங்குத்தாகப் பல ஆயிரம் அடி இறங்குகிறது. ஆழத்தில் வாழ இயலாத பவளம் அவ்வளவு ஆழத்திலிருந்து எப்படி எழும்பியது? அதுவும் ஏன் வளைய வடிவில்? கடலடி எரிமலை வாயின் விளிம்பில் பவளம் வளர்வதால் வட்டம் உண்டாகிறது என்று லையல் விடை கூறினார். அப்படியானால் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே, ஒரே உயரத்தில் நூற்றுக்கணக்கான எரிமலை வாய்கள் கடலெங்கும் நிற்க வேண்டும். சில வட்டத்திட்டுகள் பல பத்து மைல் அகலமும் ஒழுங்கற்ற நீண்ட வடிவமும் உடையவை. எந்த எரிமலை வாய் அப்படி இருக்கும்? டார்வினின் மனம் இதனை ஏற்கவில்லை.

நிலம் அதிர்ந்தது, எண்ணம் பிறந்தது

1835 பிப்ரவரி 20ஆம் நாள் சிலி நாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அவ்வேளையில் டார்வின் வால்டிவியா அருகே காட்டில் தரையில் படுத்திருந்தார். பின்னர் கன்செப்சன் நகரின் இடிபாடுகளைக் கண்டு மனம் கலங்கினார். அக்கரையில் நிலம் சில அடி உயர்ந்திருந்ததையும், பாறைகளில் ஒட்டியிருந்த சிப்பிகள் நீர்மட்டத்திற்கு மேலே வந்து மடிந்து கிடந்ததையும் ஃபிட்ஸ்ராய் அளந்து பதிவு செய்தார். ஆண்டிஸ் மலையின் உயரத்தில் கடற் சிப்பிகளின் கல்லுருவங்களை டார்வின் தாமே கண்டிருந்தார். தென் அமெரிக்கக் கண்டமே மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

இங்குதான் அவருடைய எண்ணம் ஒரு படி தாவியது. ஓரிடத்தில் நிலம் எழுகிறதென்றால் மற்றோரிடத்தில் அது தாழ வேண்டும் அல்லவா? பசிபிக் கடலின் தரை தாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓர் எரிமலைத் தீவு இருக்கிறது. அதன் கரையில் பவளம் வளர்ந்துள்ளது. தீவு மிக மெதுவாகத் தாழ்கிறது. பவளமோ வெயிலைத் தேடி மேல்நோக்கி வளர்கிறது. கரை உள்வாங்க உள்வாங்கத் திட்டுக்கும் கரைக்கும் இடையே காயல் உண்டாகிறது. கரையோரத் திட்டு தடுப்புத் திட்டாகிறது. இறுதியில் மலையுச்சியும் நீருக்குள் மறைகிறது. அதைச் சுற்றியிருந்த பவளம் மட்டும் வளையமாக மிஞ்சுகிறது. மூவகைத் திட்டுகளும் வெவ்வேறு பொருள்கள் அல்ல. ஒரே வாழ்வின் இளமை, நடுமை, முதுமை என்னும் பருவங்கள்.

இக்கருத்து உருவான வேளையில் டார்வின் உண்மையான பவளத்திட்டு ஒன்றைக்கூடத் தம் கண்ணால் கண்டதில்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்தார். இதைப் படித்தபோது நான் வியந்தேன். கண்டபின் கருதுவதே அறிவியல் என்று பள்ளியில் படித்திருந்தோம். அவரோ முதலில் கருதினார். பின்னர் அக்கருத்து பொய்யாகுமா என்று காணப் புறப்பட்டார்.

கீலிங் தீவுகளில் பன்னிரண்டு நாட்கள்

அவ்வாண்டு நவம்பரில் கப்பல் தாகித்தி தீவை அடைந்தது. டார்வின் அங்கு ஒரு மலைமீது ஏறி, எதிரே இருந்த மூரியா தீவைப் பார்த்தார். நடுவே உயர்ந்த மலை. சுற்றிலும் அமைதியான காயல். அதற்கு வெளியே அலை நுரைக்கும் பவள வளையம். நடுவிலுள்ள மலையை மட்டும் மனத்தால் நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது வட்டத்திட்டுதான்.

1836 ஏப்ரல் 1ஆம் நாள் பீகிள் இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் என்னும் கீலிங் தீவுகளில் நங்கூரமிட்டது. இன்று ஆஸ்திரேலியாவுக்கு உரிய இத்தீவுகள் அன்று கிளூனிஸ்-ராஸ் என்பாரின் ஆட்சியில் இருந்தன. அங்கே கொண்டுவரப்பட்டிருந்த மலாய் மக்கள் தென்னையை நம்பி வாழ்ந்தனர். தேங்காயை உரித்துத் தின்னும் பெரிய நண்டைக்கூட டார்வின் அங்கு கண்டு குறித்தார். ஆனால் அவர் வந்த வேலை கடலின் அடியில் இருந்தது.

அன்று நீரில் மூழ்கிப் பார்க்கக் கருவி இல்லை. கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி, அதன் அடியில் கொழுப்பைப் பூசிக் கடலில் இறக்குவார்கள். தரையில் இருப்பது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு வரும். திட்டின் வெளிச்சரிவில் பலமுறை இவ்வாறு இறக்கினார்கள். பத்துப் பாகம், அதாவது ஏறத்தாழ 18 மீட்டர் ஆழம் வரை கொழுப்பில் உயிருள்ள பவளத்தின் அச்சு பதிந்து வந்தது. மணல் ஒரு துகளும் இல்லை. ஆழம் கூடக் கூட அச்சுகள் குறைந்து மணல் மிகுந்தது. முடிவில் மணலே வந்தது. கொழுப்புப் பூசிய ஒரு குண்டைக் கொண்டு, பவளம் வாழும் எல்லையை அவர் அளந்துவிட்டார். கரையிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் ஃபிட்ஸ்ராய் 7,200 அடிக் கயிற்றை இறக்கினார். தரை தட்டவில்லை. ஆழமற்ற நீரில் மட்டுமே வாழும் உயிரி, தரை தட்டாத ஆழத்தின் விளிம்பில் அரண் கட்டியிருக்கிறது. அடித்தளம் தாழ்ந்தது என்று கொண்டாலன்றி இதற்கு வேறு நேரிய விளக்கம் இல்லை என டார்வின் உறுதி கொண்டார்.

ஏப்ரல் 12ஆம் நாள் கப்பல் அங்கிருந்து புறப்பட்டது. உலகம் சுற்றிய பயணத்தில் டார்வின் நேரடியாக ஆராய்ந்த வட்டத்திட்டு அது ஒன்றே.

நூலும் வாழ்வும்

1836 அக்டோபர் 2ஆம் நாள் டார்வின் தாயகம் திரும்பினார். லையலின் நட்பு கிடைத்தது. மாணவனைப் போன்ற இளைஞன் ஒருவன் தம் எரிமலை வாய்க் கொள்கையைத் தகர்க்க வந்திருப்பது கண்டு லையல் சினங்கொள்ளவில்லை. கேட்ட அளவில், மனம் சிறிது நொந்தாலும், தம் கொள்கையைக் கைவிட்டார். 1837 மே 31ஆம் நாள் இலண்டன் நிலவியல் கழகத்தில் டார்வின் அதனைப் படிக்க வகை செய்தார். டார்வினின் துணிவைப் போற்றுவோர் லையலின் பெருந்தன்மையையும் சேர்த்துப் போற்ற வேண்டும்.

1839இல் டார்வின் தம் மாமன் மகள் எம்மாவை மணந்தார். 1842இல் பவளத்திட்டுகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. சிறிய நூல்தான், ஆயினும் அதற்காக இருபது மாதங்கள் உழைத்தார். பசிபிக் தீவுகளைப் பற்றிக் கிடைத்த எழுத்துகள் அனைத்தையும் திரட்டிப் படித்தார். மாலத்தீவு, சாகோஸ் ஆகிய இடங்களுக்குக் கப்பல் தலைவர் மோர்ஸ்பி செய்த அளவைகளைப் பயன்படுத்தினார். உலகப் படம் ஒன்றில் வட்டத்திட்டுகளுக்குக் கருநீலமும், தடுப்புத் திட்டுகளுக்கு வெளிர்நீலமும், கரையோரத் திட்டுகளுக்குச் சிவப்பும் தீட்டினார். நீலமெல்லாம் ஒரு பக்கம் திரண்டது. சிவப்பெல்லாம் மற்றொரு பக்கம் திரண்டது. உயிருள்ள எரிமலைகளைக் குறித்தபோது அவை நீலப் பகுதிகளில் இல்லை. தாழும் நிலமும் எழும் நிலமும் படத்தில் தனித்தனியே தெரிந்தன.

அதே 1842இல் அவர் இலண்டனை விட்டு டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். பின்னர் நாட்டை விட்டு வெளியே செல்லவே இல்லை. இனமறியா நோய் அவரை வாழ்நாள் முழுதும் வாட்டியது. பத்து மக்களில் மூவரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பத்து வயது மகள் ஆனி 1851இல் மறைந்தது அவரை மிகவும் உலுக்கியது. கப்பலின் அடியில் ஒட்டும் கொட்டலசு என்னும் உயிரியை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டு உலகையே அதிர வைத்தார். இவையெல்லாம் நாம் பாடத்தில் படிப்பவை, ஆகவே விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். காண இயலாத அளவு சிறிய மாற்றம், எண்ண இயலாத அளவு நெடிய காலம், இவ்விரண்டும் சேர்ந்தால் பெரும் விளைவு உண்டாகும் என்னும் சிந்தனை முறை பவளத் தீவில் தொடங்கியது. உயிரினங்களின் தோற்றத்திலும் அதுவே ஆட்சி செய்தது. 1881இல் அவர் வெளியிட்ட கடைசி நூல் மண்புழுவைப் பற்றியது. அதிலும் அதே சிந்தனைதான்.

எதிர்ப்பும் ஓர் ஏக்கமும்

டார்வின் கொள்கையை அமெரிக்க நிலவியலார் டேனா ஆதரித்தார். கடற்பயணத்தின் இடையே சிட்னி நாளிதழ் ஒன்றில் அக்கொள்கையின் சுருக்கத்தை அவர் படித்தார். பசிபிக் தீவுகளின் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து நிற்பதைக் கண்டு, நிலம் தாழ்ந்ததற்கு அதுவே சான்று என்றார். ஆனால் எதிர்ப்பும் வலுத்தது. சாலஞ்சர் கப்பலில் உலகக் கடல்களை ஆராய்ந்த ஜான் மரே 1880இல் மாற்றுக் கொள்கை ஒன்றை முன்வைத்தார். கடலடி மேடுகளின்மேல் நுண்ணுயிர் ஓடுகள் படிந்து உயர, அவற்றின்மேல் பவளம் வளர்கிறது. உட்புறம் கரைந்து காயல் உண்டாகிறது. நிலம் தாழத் தேவையில்லை என்றார் அவர். அலெக்சாண்டர் அகாசி என்னும் செல்வம் மிக்க அமெரிக்க அறிஞரும் டார்வினுக்கு மாறான முடிவுக்கே வந்தார்.

டார்வின் சினந்தாரா? இல்லை. 1881 மே மாதத்தில் அகாசிக்கே அவர் ஒரு கடிதம் எழுதினார். தம் கருத்து தவறாக இருக்குமானால் அது விரைவில் வெளிப்படட்டும். பசிபிக், இந்தியக் கடல்களின் வட்டத்திட்டுகளில் ஐந்நூறு, அறுநூறு அடி ஆழத்திற்குத் துளையிட்டு உள்ளிருப்பதை எடுத்துவர எந்தச் செல்வராவது முன்வரமாட்டாரா என்பது அக்கடிதத்தின் கருத்து. அவர் கொள்கை சரியானால் அடிவரை ஆழமற்ற நீரின் பவளமே கிடைக்க வேண்டும். மரே சொன்னது சரியானால் சிறிது ஆழத்திலேயே வேறு பொருள் தட்டுப்பட வேண்டும். தம்மை வீழ்த்தக்கூடிய சோதனையைத் தம் எதிராளியிடமே கேட்டார். அடுத்த ஆண்டு, 1882 ஏப்ரல் 19ஆம் நாள் டார்வின் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். துளை இடப்படவில்லை.

பூமிக்குள் கிடைத்த விடை

இலண்டன் அரசக் கழகம் 1896இல் பசிபிக்கில் ஃபுனாஃபுட்டி என்னும் வட்டத்திட்டுக்கு ஒரு குழுவை அனுப்பியது. நூற்றைந்து அடியில் வேலை நின்றுபோயிற்று. மறு ஆண்டு எட்ஜ்வர்த் டேவிட் தலைமையில் வேலை தொடர்ந்தது. 1898இல் துளை 1,114 அடியை எட்டியது. வந்ததெல்லாம் பவளமும் ஆழமற்ற நீரின் சுண்ணாம்புக் கல்லுமே. எரிமலைப் பாறை தட்டவில்லை. ஆதலால் இரு தரப்பும் வெற்றி தமதே என்றன.

வழக்கு முடிந்தது 1952இல். மார்ஷல் தீவுகளில் உள்ள எனிவெடாக் வட்டத்திட்டில் இட்ட இரு துளைகள் 1,405 மீட்டரிலும் 1,267 மீட்டரிலும் எரிமலைப் பாறையை எட்டின. அதற்கு மேலே இருந்தது முழுவதும் ஆழமற்ற நீரில் உருவான சுண்ணாம்புக்கல். அதன் அடிப்பகுதி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமை உடையது. மலை ஒரு கிலோமீட்டருக்கு மேல் தாழ்ந்தது. பவளம் அவ்வளவும் உயர்ந்து ஈடு செய்தது. கணக்கிட்டுப் பார்த்தால், மலை தாழ்ந்த வேகம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அத்துளைகள் டார்வினுக்காக இடப்பட்டவை அல்ல. அணுகுண்டுச் சோதனைக்கு இடம் ஆயத்தம் செய்த வேளையில் இடப்பட்டவை. அத்தீவு மக்கள் 1947லேயே வேறிடத்திற்கு அகற்றப்பட்டிருந்தனர். 1952 நவம்பர் 1ஆம் நாள் வெடித்த ஹைட்ரஜன் குண்டு, அவ்வட்டத்தில் இருந்த எலுகெலாப் என்னும் சிறு தீவை இருந்த இடம் தெரியாமல் அழித்தது. மக்கள் 1980இல்தான் திரும்ப முடிந்தது. பவளம் 5 கோடி ஆண்டுகள் கட்டியதன்மேல் மனிதன் ஒரு நொடியில் செய்தது அது.

அவர் காணாத பனி

டார்வின் முழுவதும் வென்றார் என்று சொல்லி முடித்தால் அது அவருக்கே உவப்பாக இராது. அவர் கணக்கில் நிலம் ஏறி இறங்கியது. கடல் ஏறி இறங்கியது சேரவில்லை. இதே போக்கினால் அவர் ஒருமுறை இடறியும் இருக்கிறார். ஸ்காட்லாந்தில் கிளென் ராய் பள்ளத்தாக்கின் இருபுறமும் படிக்கட்டு போன்ற கோடுகள் உள்ளன. அவை பழைய கடற்கரைகள் என்று 1839இல் எழுதினார். அவை பனியாறு தடுத்து நிறுத்திய ஏரியின் கரைகள் என்று லூயி அகாசி கூறினார். பல்லாண்டுகள் கழித்து டார்வின் தம் தவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். இந்த லூயி அகாசி, முன்னே சொன்ன அலெக்சாண்டர் அகாசியின் தந்தை. பவளக் கொள்கையிலும் விடுபட்டிருந்தது அதே பனிதான்.

பனியூழிக் காலங்களில் கடல்நீர் பனிப்பாறையாக நிலத்தின்மேல் உறைந்து நின்றது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அன்று இன்றைய வட்டத்திட்டுகள் நீருக்கு மேலே சுண்ணாம்புக் குன்றுகளாக நின்றன. மழை அவற்றைக் கரைத்தது. பனி உருகக் கடல் ஏறியது; பவளம் பழைய குன்றின்மேல் மீண்டும் குடியேறி வளர்ந்தது. அமெரிக்க நிலவியலார் டேலி 1910 முதல் இதனை வற்புறுத்தினார். டார்வின் ஆராய்ந்த கீலிங் தீவிலேயே பிற்காலத்தில் துளையிட்டபோது, இன்றைய பவளத்திற்குச் சற்றுக் கீழே ஏறத்தாழ 1,20,000 ஆண்டுப் பழைய பவளம் இருந்தது. இன்று நாம் காணும் வளைய வடிவுக்கு மலை மூழ்கியதைவிட மழை கரைத்ததே முதன்மைக் காரணம் என்று 2021இல் ட்ராக்ஸ்லர், ஜோரி என்னும் இருவர் வாதிட்டுள்ளனர். மலை மூழ்கியது கோடி ஆண்டுக் கதை. கடல் ஏறி இறங்கியது ஆயிரம் ஆண்டுக் கதை. இரண்டும் சேர்ந்தே பவளத் தீவின் வரலாறு ஆகின்றன.

இன்றைய ஓட்டப் பந்தயம்

நீர் ஏறும் வேகத்திற்குப் பவளம் மூவிதமாக விடை தருகிறது என்று நியூமன், மெக்கின்டைர் என்னும் அறிஞர்கள் 1985இல் வகுத்தனர். நீரோடு நீராகச் சேர்ந்தே உயர்வது ஒன்று. முதலில் பின்தங்கிப் பிறகு எட்டிப் பிடிப்பது ஒன்று. தோற்று மூழ்கிவிடுவது ஒன்று. ஹவாய்த் தீவு வரிசையின் வடமேற்கு முனையில் கூரே என்னும் வட்டத்திட்டு உள்ளது. அதற்கு அப்பால் நீர் குளிர்கிறது. பவளத்தின் வளர்ச்சி குன்றுகிறது. தீவுகள் தோற்று மூழ்கிக் கடலடி மலைகளாகக் கிடக்கின்றன. அவ்வெல்லைக்கு அறிவியலார் டார்வின் முனை என்றே பெயரிட்டுள்ளனர்.

இன்று பந்தயத்தின் வேகம் மாறிவிட்டது. செயற்கைக்கோள் அளவைகள் தொடங்கிய 1993இல் உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயர்ந்தது. முப்பது ஆண்டுகளில் அவ்வேகம் 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. நலமான பவளத்திட்டும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே உயரவல்லது. மேலும் பவளம் இன்று நலமாக இல்லை. நீர் சற்று அதிகம் சூடேறினாலும் அது தன் உடலில் உள்ள பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. இலட்சத்தீவுகளில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளுப்பு நேர்ந்தது. ஓடவேண்டிய நேரத்தில் ஓட்டக்காரனுக்குக் காய்ச்சல் கண்டது போன்ற நிலை இது.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஃபுனாஃபுட்டி இன்று துவாலு நாட்டின் தலைநகர். அந்நாட்டுத் தீவுகளின் பரப்பை 1971 முதல் 2014 வரை ஒப்பிட்ட ஆய்வு, மொத்த நிலம் 2.9 விழுக்காடு கூடியிருப்பதைக் காட்டியது. பவளம் உடைந்து மணலாகி, அலை அதை அள்ளிவந்து கரையில் சேர்க்கிறது. திட்டு உயிரோடு இருக்கும் வரை தீவுக்கு மணல் கிடைக்கும். திட்டு செத்தால் மணலும் இல்லை, அரணும் இல்லை. இதை நம் வீட்டு வாசலிலேயே காணலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மறைந்துவிட்டன. சுண்ணாம்புக்காக முன்னாளில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அதற்குப் பெருங்காரணம்.

முடிவுரை

டார்வினின் வாழ்விலிருந்து நான் கற்றவை மூன்று. சிறியதை இகழாமை ஒன்று. கடுகளவு உயிரி ஒரு கிலோமீட்டர் உயரத்திற்குக் கட்டும் என்பதை நம்பியவர் அவர். தம் கருத்துக்குத் தாமே சோதனை கேட்டல் மற்றொன்று. விடை தம் வாழ்நாளில் வராமற் போகலாம் என்று தெரிந்தும் வினாவைச் செம்மையாக எழுதிவைத்தல் மூன்றாவது. பவளம் எவ்வளவு வளரும் என்னும் அவருடைய வினா இன்று வெறும் அறிவு வினாவாக இல்லை. இலட்சத்தீவிலும் மாலத்தீவிலும் துவாலுவிலும் வாழும் மக்களின் வீடும் கிணறும் தென்னையும் அதன் விடையை நம்பி இருக்கின்றன. மலை தாழ்ந்த மெதுவான வேகத்திற்குப் பவளத்தால் ஈடுகொடுக்க முடிந்தது. நாம் உண்டாக்கும் வேகத்திற்கும் ஈடுகொடுக்குமா என்பது பவளத்தின் கையில் மட்டும் இல்லை. விலங்கியலும் நிலவியலும் வேதியியலும் பயிலும் நம்போன்ற மாணவர்கள் அதற்கு விடை தேடும் நாள் வரவேண்டும் என்பதே என் விருப்பம்.